போறணை மேல் வெள்ளைத் தகடு

ஷட்டர் விழுந்த சத்தத்தில், ரிஸ்மி வாயில் வைத்திருந்த பாதி மீன் பணிஸை மெல்லாமலே விழுங்கிவிட்டான். அது தொண்டையை விட்டு இறங்குவதற்குள் வெளியே கொக்கி மாட்டுகிற ஓசை கேட்டது. அடுத்தது பூட்டு; சாவியையும் அவன் அதிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

"மிஸ்! நம்மள உள்ள வெச்சிப் பூட்டிட்டானுவ!"

"கேட்டுச்சு," என்றார் பவளராணி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த ஒரு சல்லடையைத் தூக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அது ஏதோ புது நகை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்தே தலை நரைத்த நாவலப்பிட்டிக்காரர் அவர். இப்போது கண்டியில் ஒரு தையல் கடைக்கு மேல் அறை எடுத்துத் துப்பறிகிறார். ரிஸ்மி அலவத்துகொடைக்காரன். அவருடைய ஓட்டோ, அவருடைய சிங்கள மொழிபெயர்ப்பு, அவருடைய தலைவலி எல்லாமே அவன்தான். ஓட்டோவுக்காவது பிரேக் உண்டு, ரிஸ்மியின் வாய்க்கு அதுவும் கிடையாது.

அவன் ஓடிப்போய் ஷட்டரை இரண்டு கையாலும் அறைந்தான். "யாருடா அது? எந்த நாசமாப் போனவன்டா? தெறடா!" தெருவில் ஒரு குஞ்சு குருவியும் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரம். திகனக் கடைவீதி முழுவதும் பூட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தது.

"ஜும்ஆவுக்குப் போகாம கேஸ் பின்னால வந்த பலாய் இது. உம்மா அப்பவே சென்ன. போன் எங்க மிஸ்?"

"என் போன்ல சிக்னல் இல்ல. ஒங்க போன்?"

"ஓட்டோவுல. பாட்டுப் போட்டுட்டு வந்தன்." தூரத்தில் அது பாடிக்கொண்டுதான் இருந்தது, ஆனந்தமாக.

ஜன்னல் ஒன்றுகூட இல்லாத கட்டடம் அது. முன்பு முஹைதீன் ஹாஜியாரின் இரும்புக் கடை. கலவரத்தில் முஸ்லிம் கடைகள் எரிந்த அந்த மார்ச்சில் இதுவும் எரிந்தது. திரும்பக் கட்டியபோது ஹாஜியார் ஜன்னல் இருந்த இடமெல்லாம் கல் வைத்து அடைத்துவிட்டார். இனி எவனும் போத்தலைக் கொளுத்தி உள்ளே எறிய முடியாது என்பது அவர் கணக்கு. பாவம், காற்றும் உள்ளே வர முடியாது என்பதை அவர் யோசிக்கவில்லை. கட்டி முடித்த பிறகு அதற்குள் இருந்து வியாபாரம் செய்ய அவருக்கே மனம் வரவில்லை. யசோதினிக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டார்.

யசோதினி யாழ்ப்பாணத்துப் பெண், எனாமல் ஓவியம் செய்கிறவள். செப்புத் தகட்டில் கண்ணாடிப் பொடியைச் சல்லடையால் தூவி, சூளைக்குள் வைத்து உருக்குவாள். நம் வீட்டுப் பழைய பீங்கான் கோப்பையின் மேலே பளபளக்கிறதே, அதே சாமான்தான். ஆனால் இவள் அதில் முகங்களைச் செய்தாள். யுத்தத்தில் போனவர்கள், கலவரத்தில் போனவர்கள், குண்டு வெடித்த பஸ்ஸில் போனவர்கள், ஆமிக்குப் போய்ச் செத்த சிங்களப் பையன் ஒருவன், இயக்கத்துக்குப் போய்ச் செத்த அவளுடைய சொந்த அண்ணன். தகடு ஒரு அடிக்கு ஒரு அடி இருக்கும். ஒவ்வொரு முகத்தையும் சுற்றி ஒரு செவ்வந்தி மாலை. இன்று மாலை நாலு மணிக்குக் கண்டி வாவிக்கரை மண்டபத்தில், ஒவ்வொரு தகட்டின் கீழும் விளக்கேற்றிக் கண்காட்சி தொடங்க இருந்தது.

அதில் ஒரு தகட்டைக் காணவில்லை. கணேஸ் என்ற பையனின் முகம். புதன்கிழமை பின்னேரம் பட்டறையில் இருந்தது, வியாழன் காலை இல்லை. ராக்காவல் பார்த்தவன் ஷாமில். சாவி அவனிடம்தான் இருந்தது. மண்டபக்காரர்கள் யசோதினிக்காகப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார்கள், பொலிஸ் வந்து ஷாமிலை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிற்று.

ஷாமில் என்பவன் ரிஸ்மியின் தங்கை றம்லத்தின் புருஷன். இன்று பொழுது சாய்வதற்குள் தகடு கிடைக்காவிட்டால் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். றம்லத் நேற்றிலிருந்து ஒரு வாய் சோறு தின்னவில்லை. ரிஸ்மி இத்தனை பகிடி விட்டதெல்லாம் வயிற்றுக்குள் கிடந்த பயத்தை மூடி வைக்கத்தான்.

"மிஸ், சூடு தாங்க ஏலாது. இந்தப் போறணை கெடந்து எரியிது." பாண் என்கிற ரொட்டியைச் சுடும் அடுப்பான போறணைக்கும் எனாமல் சூளைக்கும் ரிஸ்மியிடம் வித்தியாசம் கிடையாது. மதியம் வந்து மாற்றுத் தகடு சுடுவதற்காக யசோதினி காலையிலேயே சுவிட்சைப் போட்டுவிட்டு மண்டபத்துக்கு ஓடியிருந்தாள். ரிஸ்மி போய்ச் சுவிட்சை அணைத்தான். சூளை அணைந்தது, சூடு எங்கே அணைகிறது? நாலு சுவரும் அதை வாங்கித் திருப்பித் திருப்பிக் கொடுத்தன. இருந்தது ஒரே ஒரு போத்தல் தண்ணீர், அதுவும் பாதி.

"நாம உள்ள இருக்கிறது நல்லதுதான்," என்றார் பவளராணி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

"சூடு தலைக்கு ஏறிட்டுது மிஸ்ஸுக்கு."

"யோசிங்க ரிஸ்மி. தகடு வெளிய போயிருந்தா நம்மள எதுக்கு உள்ள வச்சுப் பூட்டணும்? போய்த் தேடுங்கன்னு விட்டுருக்கலாமே. இங்க இருந்து ஒண்ணும் வெளிய போயிரக் கூடாதுன்னுதான் பூட்டியிருக்காங்க."

ரிஸ்மி சுற்றிப் பார்த்தான். பொடிப் போத்தல்கள், இடுக்கிகள், ஒரு கதிரை, ஒரு அலுமாரி. "அலுமாரிய பொலிஸே கொட்டிப் பார்த்திட்டாங்களே."

பவளராணி சூளைக்கு மேலே சுவரில் அடித்திருந்த இரும்பு ராக்கையைக் காட்டினார். பொடி தூவிய தகடுகளைச் சுடுவதற்கு முன் காய வைக்கும் இடம் அது. வெள்ளைப் பொடி மூடிய தகடுகள் அதில் வரிசையாகக் கிடந்தன. முகமோ கோடோ எதுவும் இல்லாத வெறும் வெள்ளை.

"காலையில யசோதினி எத்தனை வெள்ளைத் தகடு காய வச்சிருக்கேன்னு சொன்னாங்க?"

"மூணு."

"எண்ணுங்க."

ரிஸ்மி எண்ணினான். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி எண்ணினான். "நாலு ஈக்கிது."

"பொலிஸ், மண்டபக்காரங்க, நீங்க, நான், எல்லாரும் என்ன குறையுதுன்னு தேடினோம். என்ன கூடியிருக்குன்னு ஒருத்தரும் எண்ணல. யசோதினியும் காலையில கடைசித் தகட்டை அவசரத்துல எக்கி மேல வச்சுட்டு, எண்ணிப் பார்க்காம ஓடிட்டாங்க."

"அப்ப எது அந்த நாலாவது?"

"காலையில அவங்க தூவினதைப் பார்த்துக்கிட்டு நின்னீங்களே. கடைசியில என்ன செஞ்சாங்க?"

ரிஸ்மி பார்த்திருந்தான். பகிடியும் பண்ணியிருந்தான். அவள் விரலால் தகட்டின் நாலு ஓரத்தையும் சுற்றி வழித்துத் துடைத்தபோது, 'ஏன் தங்கச்சி, ரொட்டிக்கு ஓரம் வெட்டுறியா?' என்று கேட்டான். 'துடைக்காட்டி உருகி ஸ்டாண்டோட ஒட்டிப்போடும் அண்ணை' என்றாள் அவள்.

அவன் குதிக்காலில் எழும்பி நின்று பார்த்தான். மூன்று தகட்டின் ஓரங்களில் செம்பு மினுங்கியது. நாலாவதில் ஓரம் வரைக்கும் பொடி அப்பிக் கிடந்தது.

"இதைத் தூவினவங்களுக்குச் சுடுற எண்ணமே இல்ல," என்றார் பவளராணி. "மூடி வைக்கிற எண்ணம் மட்டுந்தான். அந்த இடுக்கியை எடுங்க."

மெதுவாக இறக்கி மேசையில் வைத்தார்கள். சூடு ஆறும்வரை ரிஸ்மி ஒரு காலில் நின்றான், மறு காலில் நின்றான். கடைசியில் பவளராணி தண்ணீர்ப் போத்தலைத் திறந்தபோது அவனுக்கு உயிரே வந்தது. அவர் குடிக்கவில்லை. அவனுக்கும் கொடுக்கவில்லை. கைக்குட்டையில் ஊற்றினார்.

"மிஸ்! அது குடிக்கிற தண்ணி! மவுத்தாகப் போறோம் ரெண்டு பேரும்!"

"தேத்தண்ணிச் சூட்டுல இருக்கு. குடிச்சாலும் தாகம் போகாது."

சுடாத பொடி நீரில் பால் போல ஓடியது. கைக்குட்டை போன வழியில் முதலில் ஒரு நெற்றி தெரிந்தது. பிறகு வெட்டுத் தழும்புள்ள ஒரு புருவம். பிறகு இரண்டு கண்கள், சிரிக்கலாமா என்று யோசிக்கிற மாதிரி ஒரு வாய். கழுத்துக்குக் கீழே செவ்வந்தி மாலையின் மஞ்சள் நுனி எட்டிப் பார்த்ததும் பவளராணியின் கை நின்றுவிட்டது. அதற்கு மேல் துடைக்கவில்லை.

"கணேஸ்!" ரிஸ்மிக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ ஒரு தேயிலைத் தோட்டத்துப் பையனின் முகத்தைப் பார்த்து அழுகிறோமா, ஷாமிலை நினைத்து அழுகிறோமா என்று அவனுக்கே தெரியவில்லை. "அல்லாஹ், ஷாமில் தப்பிட்டான் மிஸ்! ஆனா எடுத்தவன் எதுக்கு இங்கயே வெச்ச?"

"வெளிய எடுத்துட்டுப் போக வழி இல்லாதவங்க. ஒடைக்கவும் மனசு வராதவங்க. பொடி தண்ணில போயிரும்னு தெரிஞ்சவங்க." பவளராணி சல்லடையைச் சுட்டிக்காட்டினார். "இதெல்லாம் தினம் யார் கழுவுறது?"

இந்த ஒரு வாரமாக யசோதினியோடு கடைக்குப் பின்னால் உள்ள தனி அறையில் தங்கியிருக்கும் மூக்காயி அம்மாதான் கழுவுகிறார். கணேஸைப் பெற்றவர். காலையில் ரிஸ்மியின் கையில் பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் வைத்துவிட்டு, 'குடி தம்பி' என்றவர்.

"சும்மா பேசாதீங்க மிஸ். பெத்த தாய் மகன்ட படத்த ஒளிப்பாவா?"

"நேத்து மண்டபத்துல அவங்க விளக்கைத் தூக்கினப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

மகனுடைய தகட்டுக்கென்று வைத்திருந்த குத்துவிளக்கை மூக்காயி தூக்கிக்கொண்டு போய் மூலையில் வைத்தார். மண்டபக்காரர் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். மூக்காயி மறுபடி தூக்கினார். 'அந்த அம்மா எண்ணெய் மிச்சம் புடிக்கிறா' என்று ரிஸ்மி சொல்லிச் சிரித்திருந்தான். இப்போது அந்தச் சிரிப்பை நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"கணேஸ் செத்துட்டான்னு யாரும் சொன்னதில்ல ரிஸ்மி. யுத்தம் முடியப் போற நேரம், கொழும்புல கடையில நின்ன பையனை வேன்ல கூட்டிட்டுப் போனாங்க. அவ்வளவுதான் தெரியும். காணாமப் போன புள்ளைக்கு மாலை போட்டு, கீழ விளக்கும் ஏத்தினா என்ன அர்த்தம்?"

பவளராணி குரலைத் தாழ்த்தி, ஷட்டரின் அடியைக் காட்டினார். தரைக்கும் தகரத்துக்கும் இடையில் வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. அந்தக் கோடு நடுவில் ஒரு முழத்துக்கு அறுந்திருந்தது. அங்கே யாரோ முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

பூட்டியவர் போகவே இல்லை. ரிஸ்மி இவ்வளவு நேரம் திட்டிய திட்டு அத்தனையும் ஒரு தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த காதில் விழுந்திருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பவளராணி தரையில் உட்கார்ந்தார். "அம்மா, வெளிய வெயில் சுடலையா?"

"உள்ளுக்கு ரொம்ப வேகுதா தாயி?" என்று மூக்காயியின் குரல் வந்தது. "போறணை எரியுதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா பூட்டியிருக்க மாட்டேன்."

"அப்ப தெறங்கம்மா."

"நாலு மணி தாண்டட்டும். வெளக்கு ஏத்தி முடிக்கட்டும். தண்ணி இருக்குல்ல, குடிங்க."

ரிஸ்மி பவளராணியை முறைத்தான்.

"மாலையை எடுத்துடு தாயின்னு அந்தப் புள்ளைக்கிட்டக் கேட்டேன்," என்றது குரல். "உருகின கண்ணாடிய எடுக்கேலாதுன்னுச்சு. எல்லாருக்கும் இருக்கு, இவனுக்கு மட்டும் இல்லாட்டி நல்லா இருக்காதுன்னுச்சு. செத்தவங்களுக்குத்தானே மாலை? எம்மவன் செத்தான்னு யாரு சொன்னா? கவுருமெண்டு சொல்லல. கும்புடுற சாமி சொல்லல. எத்தனை ஆபீசு ஏறியிருக்கேன், ஒருத்தரும் சொல்லல. கண்ணாடியில எழுதிட்டா அப்புறம் அழியாதாமே தாயி. அழியாம எழுதிட்டா அவன் எப்படித் திரும்பி வருவான்?"

பவளராணி கண்ணை மூடிக்கொண்டார். ரிஸ்மி ஷட்டரின் அடிக்குக் குனிந்தான்.

"ஒங்கட மகனுக்காக என்ட மச்சான் கோர்ட்டுக்குப் போகோணுமா உம்மா?"

பவளராணி கையை உயர்த்தித் தடுத்தார். மூக்காயி முன்னால் பொலிஸ் என்ற சொல்லையே எடுக்க வேண்டாம் என்று யசோதினி காலையிலேயே கெஞ்சியிருந்தாள். ரிஸ்மி நிற்கவில்லை.

"எந்த மச்சான்?" என்றது குரல்.

"ஷாமில்தான்!"

"அந்தத் தம்பி ஊட்டுக்குப் போயிருக்கு. சம்சாரத்துக்குச் சொகமில்லன்னு அந்தப் புள்ள சொல்லிச்சே."

"ஊட்டுக்கா? பொலிஸ்ல ஈக்கிறான்! நேத்து ஜீப்புல ஏத்திட்டுப் போய்ட்டாங்க. ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டுட்டு அனுப்பிருவோம்னு றம்லத்துக்கிட்டச் சொல்லிட்டுப் போன ஆக்கள். இன்னும் அனுப்பல்ல!"

வெளிச்சக் கோட்டில் இருந்த இருட்டு அசைந்தது.

"அப்படியேவா சொன்னாங்க?"

"என்னது?"

"ரெண்டு கேள்வின்னு. எம்மவனை ஏத்தினப்பவும் அதான் சொன்னாங்களாம்."

"ஓ உம்மா. அப்படித்தான் சொன்னாங்க."

சாவி பூட்டில் உரசுகிற சத்தம் கேட்டது. அது துளையைக் கண்டுபிடிக்க முடியாமல் தகரத்தில் தட்டித் தட்டித் தடுமாறியது. ரிஸ்மி இந்தப் பக்கம் இருந்து ஷட்டரைத் தூக்கிக்கொண்டு நின்றான். ஒரு வழியாக ஷட்டர் மேலே போனபோது, வெயிலில் கறுத்து வியர்த்துப்போன மூக்காயி சாவியும் கையுமாக நின்றார். மேசையில் மகன் முகம் பாதி வெள்ளைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் போய் எடுத்து, முந்தானையில் சுற்றி, மார்போடு வைத்துக்கொண்டார்.

"வண்டிய எடு தம்பி," என்றார். "இருட்டுறதுக்கு முன்னுக்குப் போயிரணும். இருட்டிட்டா அப்புறம் ஆளைக் காட்ட மாட்டாங்க."

ரிஸ்மியின் ஓட்டோ அன்றைக்கு ஓடிய மாதிரி அதற்கு முன்னும் ஓடியதில்லை. பாட்டை அவன் முதல் காரியமாக நிறுத்தியிருந்தான்.

சேதி கேட்டு யசோதினி நேரே பொலிஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தாள், மண்டபத்துக்காக உடுத்திய பட்டுச் சேலையோடு. முறைப்பாட்டை வாபஸ் வாங்கி, எழுத வேண்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து வைத்தாள். மூக்காயி மடியில் இருந்த தகட்டைப் பார்த்தாள். முகம் மட்டும் தெரிந்தது, மாலை இன்னும் பொடிக்குள் இருந்தது. அவள் வாய் கோணியது.

"நான் யோசிக்கேல்லை அம்மா," என்றாள். "என்ரை அண்ணை செத்த நாள் எனக்குத் தெரியும். அதாலை மாலை போட்டன். உங்களுக்கு நாள் தெரியாது எண்டதை நான் யோசிக்கேல்லை. மண்டபத்திலை அந்த இடம் சும்மா கிடக்கட்டும். விளக்கும் வேண்டாம்."

மூக்காயி அவள் தலையைத் தடவினார். ஆனால் கண் உள்கதவை விட்டு அகலவில்லை.

கதவு திறந்தது. ஷாமில் வந்தான். கசங்கிய சட்டை, சிவந்த கண், கையில் செருப்பு. யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் நின்றான். ரிஸ்மி அவனைக் கட்டிக்கொள்ள எழும்புவதற்குள் மூக்காயி முந்திவிட்டார். போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். பிறகு மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம் திரும்பினார்.

"இவ்வளவுதானா சாமி?" என்று கேட்டார். "வந்து கேட்டா குடுத்துருவீங்களா?"

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அந்த அம்மா என்ன கேட்கிறார் என்று சிங்களத்தில் ரிஸ்மியிடம் கேட்டார். கண்டி முழுக்க எவர் பேசினாலும் தன் பங்குக்கு நாலு பகிடி சேர்த்து மொழிபெயர்க்கிறவன் அவன். இந்தத் தடவை ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கேட்டதை அப்படியே சொன்னான்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். எழுந்து வந்து ஒரு கதிரையை இழுத்து மூக்காயி பக்கம் போட்டார்.

மூக்காயி உட்காரவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.